மருத்துவர் பதில்: கணவரின் மாரத்தானும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 42. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் சுகர் எல்லையில் நிற்கிறது, மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்றார்கள். அன்றைக்கு ஓட ஆரம்பித்தவர்தான். இப்போது 5.6. அதில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் போன ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடி மெடலோடு வந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை. வரும் ஜனவரியில் முழு மாரத்தானாம். வாரத்தில் நான்கு நாள் காலை நாலரைக்கே கிளம்பிவிடுகிறார். முன்பெல்லாம் ஞாயிறு என்றால் அவரே போய் ஆட்டுக்கறி வாங்கி வருவார், இப்போது சர்வீஸ் ரோட்டில் 30 கிலோமீட்டர். வந்தால் மதியம் வரை தூக்கம். ராத்திரியில் தூக்கமே வருவதில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அதற்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடப் போகிறார். கேட்டால், “உங்களுக்காகத்தானே உடம்பைப் பார்த்துக்கறேன்” என்கிறார். மாமியாரோ, “குடிக்கவா போறான், ஓடத்தானே போறான்” என்கிறார். மாமனார் 52 வயதில் மாரடைப்பில் போனவர். நானும் ஏழரைக்கு ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டும். நான் கோபப்படுவது தப்பா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சத்துவாச்சாரி

பதில்: தப்பே இல்லை. உங்கள் கடிதத்தைக் குடும்பச் சண்டையாக நான் படிக்கவில்லை. கேஸ் ஷீட்டாகத்தான் படித்தேன். ராத்திரி தூக்கமில்லை, பகலில் அடித்துப்போட்டது போல் தூக்கம், காரணமில்லாத சிடுசிடுப்பு, ஆறாத குதிகால். நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், உடம்பு தேறிக்கொள்ள இடைவெளி கொடுக்காமல் பயிற்சி செய்கிறார் என்று வருகிறது. ஓவர் டிரெயினிங் என்போம். இதைக் காட்டிக்கொடுக்கத் தனி ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஓடுகிறவருக்குக் கடைசியாகத்தான் தெரியும், கூட இருப்பவர்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.

நம்ப மறுப்பார். ஒரு வாரம் நாடி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கண் விழித்ததும் காபிக்கு முன்னால், படுத்தபடியே ஒரு நிமிடம். வழக்கமாக 55 துடிக்கிறவருக்கு 63, 64 என்று நாலைந்து நாள் தொடர்ந்து காட்டினால், உடம்பு லீவு கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி அந்த “உங்களுக்காகத்தானே” விஷயம். இதில் பாதி நிஜம். 6.1-ஐ 5.6-க்கு இறக்கியது ஓட்டம்தான், அதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் உடம்புக்காக என்றால், உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, வேகமான உடற்பயிற்சி வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம். உங்கள் வீட்டுக்காரர் வாரம் ஏழு மணி நேரமாவது ஓடுகிறார் போலிருக்கிறது. 150 நிமிடம் வரைக்கும் மருந்து என்று நானே சீட்டு எழுதித் தருகிறேன். அதற்கு மேல் ஓடுவது அவருடைய ஆசை. ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் மருந்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஆசைக்கு வீட்டில் கேட்கத்தான் வேண்டும். முழு மாரத்தானுக்கு 42.195 கிலோமீட்டர் என்ற கணக்கை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் கிளம்பி, ஸ்டேடியத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்தத் தூரத்தையே 1921-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் அதன் கதை.

(நானும் யோக்கியன் இல்லை. ஒரு காலத்தில் ஷட்டில் ஆடப் போவேன், “அரை மணி நேரம்” என்று சொல்லிவிட்டு. திரும்பி வரும்போது தோசை ஆறி, தட்டில் சுருண்டு கிடக்கும். வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்தத் தோசை பேசிவிடும்.)

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது வலி மாத்திரை. நம்ம ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; மழைக்கால விடியற்காலையில்கூட, காற்றில்லாத புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் பனியனைப் பிழியலாம். வியர்வையில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் அதைக் காப்பாற்றுகிற ஏற்பாட்டைத்தான் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் முடக்குகின்றன. போதாததற்கு, நிறுத்து என்று கத்துகிற குதிகாலின் வாயையும் அடைத்துவிடுகின்றன.

தண்ணீரிலும் ஒரு எச்சரிக்கை. தாகம் இல்லாவிட்டாலும் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பவர்கள் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடிக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர் குடிக்கட்டும்.

குதிகாலுக்கு வருகிறேன். காலையில் வைக்கும் முதல் அடியில் ஊசி குத்துவது போல் வலித்து, நாலு நடை நடந்ததும் குறைந்தால், பெரும்பாலும் பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் சவ்வுப் பட்டை நைந்திருக்கும். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் கால் விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாகப் பத்து முறை இழுத்துவிட வேண்டும். கெண்டைக்கால் தசையைச் சுவரில் கை ஊன்றி நீட்ட வேண்டும், தினமும் இரண்டு வேளை. ஃப்ரீஸரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் வைத்துப் பத்து நிமிடம் உருட்டலாம். வீட்டுக்குள் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடட்டும். ஷூ 700, 800 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதற்கும் ஓய்வு கொடுத்துவிடுங்கள். ஆனால் குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தும்போது துள்ளினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அது வேறு. எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. எலும்பு மருத்துவரைப் பார்க்கும் வரை ஓடவே கூடாது.

மாமனார் சமாச்சாரத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போகிற போக்கு இல்லை. அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் மகனுக்கும் அபாயம் கூடுதல். ரத்தக் கொழுப்பு, ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு ஓர் இதய மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும். எல்லாம் நன்றாக வந்தாலும் ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், என்றுமில்லாத மூச்சிரைப்பு வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். மெடல் எங்கேயும் போய்விடாது.

அப்படியானால் ஜனவரி? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த முறை 42 வேண்டாம். இரண்டு வாரம் ஓட்டத்தை முழுதாக நிறுத்தி, சைக்கிளோ நீச்சலோ வைத்துக்கொள்ளட்டும். குதிகால் அடங்கி, இதய மருத்துவரும் தலையாட்டினால் ஜனவரியில் மறுபடியும் 21 ஓடலாம். முழு மாரத்தானை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டியாகிவிட்டது என்பார். போகட்டும், எலும்பு மருத்துவரிடம் அதைவிட அதிகம் கட்ட வேண்டிவரும்.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பது உங்கள் இருவரின் விஷயம், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நான்கு நாளில் இரண்டை மாலைக்கு மாற்றினால், அந்த இரண்டு காலையிலும் டிபன் பாக்ஸ் கட்டுவதும் பிள்ளைகளைக் கிளப்புவதும் அவர் பொறுப்பு. ஞாயிறு எட்டு மணிக்குள் வீடு திரும்பி, முன்பு போல் அவரே போய் ஆட்டுக்கறி வாங்கி வரட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளையும் வேலூர் கோட்டைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகட்டும். அவர்கள் அகழி ஓரமாக சைக்கிள் விட, இவர் பின்னால் மெதுவாக ஓடலாம். மெதுவான ஓட்டமும் பயிற்சிதான். வாரத்தில் பெரும்பகுதியை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்தான் ஓட வேண்டும்.

கடைசி வரியில் தயங்கித் தயங்கி எழுதி, பிரசுரிக்க வேண்டாம் என்றீர்களே, அதற்கும் பதில் இதே தான். களைத்த உடம்பில் ஹார்மோன்களும் இறங்கும், ஓய்வெடுத்தால் திரும்பும். உங்கள் மேல் பிரியம் குறைந்ததாக நினைத்து மருகாதீர்கள்.

மற்றதெல்லாம் பேசி முடிவு செய்யுங்கள். அவருடைய ஓட்டப் பையில் அந்த மாத்திரை அட்டை இருந்தால் மட்டும், இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்கு அவரைக் கேட்க வேண்டாம்.