டாவோவில் எல்லாவற்றுக்கும் ஓட்டு வேண்டுமா?

வணக்கம் ஐயா,

பிரிக்பீல்ட்ஸில் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு வேலை செய்யும் முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு டாவோ (உறுப்பினர் ஓட்டால், பிளாக்செயின் வழியாக நடக்கும் அமைப்பு) நடத்துகிறோம். பணம் யுஎஸ்டிசியாக (டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம்) சேஃப் வாலட்டில் (பலர் கையொப்பமிட்டால்தான் பணம் நகரும் கிரிப்டோ பணப்பை) இருக்கிறது. மூவரில் இருவர் கையொப்பமிட வேண்டும். எந்தச் செலவையும் ஓட்டுக்கு விடுகிறோம். கோரம் (தீர்மானம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஓட்டு) எட்டாமல் நூறு ரிங்கிட் பில் கூடத் தேங்குகிறது. கையொப்பக்காரர் ஒருவர் கையொப்பமிடும் ரகசியச் சாவியைத் தொலைத்துவிட்டார். கோரத்தைக் குறைத்துவிடலாமா?

கு., கோலாலம்பூர்

அன்புள்ள கு.,

கோரம் இருக்கட்டும், முதலில் சாவியைப் பாருங்கள். இன்னொரு சாவியும் போனால் பணம் சேஃபிலேயே கிடக்கும், எந்த ஓட்டாலும் எடுக்க முடியாது. மிச்சமிருக்கும் இருவரையும் இன்றைக்கே உட்காரவைத்து, தொலைந்த முகவரியை நீக்கி, புதியவர்களைச் சேர்த்து, ஐவரில் மூவர் என்று மாற்றுங்கள். ஐவருக்கும் தனித்தனி ஹார்ட்வேர் வாலட் (சாவியைக் காக்கும் தனிக் கருவி) இருக்கட்டும்.

கோரம் எட்டாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உங்களுடையது காம்பவுண்ட் (ஒரு கிரிப்டோ கடன் தளம்) பாணி கவர்னர் ஒப்பந்தமானால், அதாவது ஓட்டை எண்ணி நிறைவேற்றும் பிளாக்செயின் நிரலானால், டோக்கன் (ஓட்டுரிமை தரும் டிஜிட்டல் வில்லை) வைத்திருந்தாலே ஓட்டு வந்துவிடாது. தன் பெயருக்கோ இன்னொருவர் பெயருக்கோ டெலிகேட் செய்யாதவரை (ஓட்டுரிமையை ஒப்படைக்காதவரை) அது பூஜ்யம்தான். தீர்மானம் போட்ட பிறகு டெலிகேட் செய்தாலும், ஓட்டுக்கணக்கு எடுக்கும் பிளாக் (பிளாக்செயினில் பதிவாகும் ஒரு கட்டம்) தாண்டிவிட்டால் அந்த முறைக்குப் பயனில்லை.

பில்களை ஓட்டுக்கு விடுவதை நிறுத்துங்கள். மூன்று மாத பட்ஜெட்டுக்கும், விதி மாற்றத்துக்கும், பொறுப்பாளரை நியமிக்கவும் நீக்கவும் மட்டும் ஓட்டு போதும். சேஃபில் அலவன்ஸ் மாட்யூல் உண்டு. மொழிபெயர்ப்புக் குழுவின் பொறுப்பாளருக்கு மாதம் 500 யுஎஸ்டிசி என்று வரம்பு வைத்தால், அதற்குள் அவர் ஒருவரே பணம் அனுப்பலாம். அந்தக் கால அளவு முடிந்ததும் வரம்பு புதுப்பிக்கப்படும். மோசம் போனாலும் ஒரு சுற்றில் போவது அந்த 500 மட்டும்தான்.

பெரிய தொகைகள் தேங்க இன்னொரு காரணம் நான்ஸ், அதாவது பரிவர்த்தனையின் வரிசை எண். சேஃப் வரிசை எண்படிதான் நிறைவேற்றும். 41ஆம் பரிவர்த்தனை இரண்டு கையொப்பத்தோடு நின்றுவிட்டால், 42க்கு மூன்றும் கிடைத்தாலும் நகராது. 41 வேண்டாம் என்றால் அதே எண்ணில் பூஜ்யத் தொகைக்கு ரத்துப் பரிவர்த்தனை போட வேண்டும். அதற்கும் மூன்று கையொப்பம், கேஸ் கட்டணம் (பிளாக்செயினுக்குச் செலுத்துவது) உண்டு. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டவர் கையொப்பமே போட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார். வாரம் ஒரு நாள் வரிசையைச் சரிபார்க்க ஒருவரை நியமியுங்கள்.

கையொப்பமிடும்போது கணினித் திரையை மட்டும் நம்பாதீர்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ சந்தையில் ஏறத்தாழ 150 கோடி டாலர் திருடுபோனபோது, கையொப்பக்காரர்கள் பார்த்த சேஃப் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அவர்கள் ஒப்புக்கொடுத்தது வேறொன்று. பெறுநர் முகவரி, தொகை, ஹேஷ் (பரிவர்த்தனையின் தனி அடையாளக் குறி) மூன்றையும் ஹார்ட்வேர் வாலட்டின் திரையில் ஒப்பிடுங்கள். சாதாரணப் பணப் பட்டுவாடாவில் டெலிகேட்கால் (வேறு நிரலைச் சேஃபின் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) என்று கண்டால் கையொப்பமிடாதீர்கள்.

கோரத்தைக் குறைக்கக் கூடாது என்பதற்கு பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தின் கதை போதும். 2022 ஏப்ரலில் ஒருவர் முந்தின நாளே தீர்மானத்தைப் போட்டுவைத்து, மறுநாள் ஒரே பரிவர்த்தனைக்குள் ஃபிளாஷ் கடன் (அதே பரிவர்த்தனைக்குள் திருப்பித்தர வேண்டிய கடன்) வாங்கி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டுச் சேர்த்து, உடனே நிறைவேற்றி, கடனையும் அடைத்துவிட்டுப் போனார். இழப்பு சுமார் 18 கோடி டாலர். மூன்றில் இரண்டு என்ற வரம்பே அங்கே காக்கவில்லை. ஓட்டுக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே டைம்லாக் (கட்டாயக் காத்திருப்பு நேரம்) இருந்திருக்க வேண்டும். விதி மாற்றங்களுக்கு 48 மணி நேரமாவது வையுங்கள்.

டைம்லாக்குக்கும் விலை உண்டு. 2021 செப்டம்பரில் காம்பவுண்டின் 62ஆம் தீர்மானத்தில் பிழை வந்து டோக்கன்கள் தப்பாக வெளியேறின. தெரிந்த பிறகும், திருத்தம் ஏழு நாள் நடைமுறையைக் கடந்தே வர வேண்டியிருந்தது. அதனால் மூவர் குழு ஒன்றுக்கு நிறுத்தும் அதிகாரம் கொடுங்கள். பணத்தை நகர்த்தும் அதிகாரம் அதற்கு வேண்டாம்.

சட்ட உருவம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அது அவசியம். 2023 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஊக்கி டாவோ என்ற கிரிப்டோ வர்த்தக அமைப்பைப் பதிவில்லாத சங்கமாகக் கருதி 6,43,542 டாலர் அபராதம் விதித்தது. அப்படிப்பட்ட அமைப்பில் உறுப்பினர்களின் சொந்தப் பணத்துக்கும் ஆபத்து வரலாம். நம்மூரில் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பிஎல்டியாக (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) பதிந்துகொண்டால், வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் கொடுக்கவும் வங்கிக் கணக்குக்கு விண்ணப்பிக்கவும் ஒரு பெயர் கிடைக்கும். டோக்கனை வெளியாருக்கு விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும், செக்யூரிட்டீஸ் கமிஷனின் டிஜிட்டல் சொத்து விதிகள் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு டோக்கனையும் கொடுக்காதீர்கள்.