விலகிப்போன காளை

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் சிறிதாக ஒரு பிரிண்டிங் யூனிட் நடத்துகிறேன். கடந்த மே மாதம் குடும்பத்தோடு கோத்தகிரி வந்திருந்தோம். கோடநாடு காட்சிமுனைக்குப் போகும் வழியில், தேயிலைத் தோட்டத்துக்குள் இரண்டு பெரிய காட்டெருமைகள். இரண்டும் ஆண். காரை ஓரம் கட்டிவிட்டு, சண்டை போடும் என்று மொபைலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றன, மெதுவாக நடந்தன, கடைசியில் ஒன்று எங்கள் பக்கமாக இறங்கி, காரை ஒட்டியே ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. நான் மகளிடம், "பார்த்தியா, பலமில்லாதது இடத்தைக் காலி பண்ணிடுச்சு. போட்டி போடாததுக்கு இயற்கையில இடமில்ல" என்றேன்.

காரணத்தோடுதான் சொன்னேன். அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு, பயாலஜி குரூப், நீட் கோச்சிங்கும் சேர்த்திருக்கிறேன். இரண்டு வாரமாக, "என்னால ஓட முடியலப்பா, காமர்ஸுக்கு மாத்திடுங்க" என்கிறாள். போட்டி மனப்பான்மை பிறவியில் வருவதா, வளர்ப்பில் வருவதா? அது இல்லாத பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது? வலுத்தது வாழும் என்று டார்வின் சொன்னது மனிதனுக்கும் பொருந்தும்தானே? நண்பர்கள் ஆல்ஃபா ஓநாய் பற்றி நிறைய வீடியோ அனுப்புகிறார்கள். இந்த விஷயத்தில் நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த சமயத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே, கவாத்து முடிந்த தேயிலைக்குள் ஒரு காளை தினமும் வந்து நின்றுகொண்டிருந்தது. வெட்டிவிட்ட செடிகளுக்கு இடையில் முளைத்த புல்தான் அதற்குக் கணக்கு. தேயிலையைத் தொடாது. கால் வைக்கிற இடத்தில் கவாத்துக் குச்சிகள் முறியும் சத்தம் சமையலறை வரை கேட்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி கால், ஈர மூக்கு, மூச்சு விடும்போது புகை. அதைப் பார்த்துக்கொண்டே இந்தப் போட்டி விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் பதில் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டார்வினை முதலில் அனுப்பிவிடுகிறேன். அந்தச் சொற்றொடர் அவருடையதல்ல. ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1864இல் எழுதினார், டார்வின் 1869இல் தன் நூலின் ஐந்தாம் பதிப்பில் எடுத்துக்கொண்டார். இதைச் சொல்வதால் உங்கள் வாதம் விழுந்துவிடாது. ஆல்ஃபா வீடியோக்களை அழித்துவிடுங்கள். சண்டை போட்டு ஜெயித்த ஓநாய்தான் கூட்டத்துக்குத் தலைவன் என்கிற அந்தக் கதை, எங்கிருந்தோ பிடித்து வந்த ஓநாய்களைக் கூண்டில் ஒன்றாக அடைத்துப் பார்த்ததில் பிறந்தது. அதைப் பிரபலமாக்கிய டேவிட் மீச் என்ற ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று 1999இல் எழுதிவிட்டார். உங்கள் நண்பர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இப்போது காளைக்கு வருகிறேன். "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அரை மணி நேரம் நடந்ததுதான் ஐயா போட்டி. அதை உட்கார்ந்து பார்த்துவிட்டு, கொம்பு மோதவில்லையே என்று மொபைலை அணைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். காட்டெருமைக் காளைகள் பெரும்பாலும் இப்படித்தான் மல்லுக்கு நிற்கும். உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, தலையைத் தாழ்த்தி, முதுகை உயர்த்தி, தோளிலிருந்து முதுகு வரை ஓடுகிற அந்த மேடு முழுசாகத் தெரிகிற மாதிரி நிற்கும். அடியை அளந்து வைத்து எதிராளியைச் சுற்றி நடக்கும். ஜார்ஜ் ஷாலர் என்ற விலங்கியலாளர் 1960களில் மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா காட்டில் இதைப் பார்த்து விரிவாக எழுதியிருக்கிறார். உயரம் எவ்வளவு, கனம் எவ்வளவு, வயது என்ன என்று இரண்டும் பார்த்துக்கொள்ளும். பார்த்து முடிந்ததும் ஒன்று போய்விடும்.

இதில் கருணை ஒன்றும் இல்லை. சுத்தமான கணக்கு. பெரிய காளை ஆயிரம் கிலோவைத் தொடும். அந்தக் கனத்தோடு கொம்பு விலாவில் இறங்கினால், ஜெயித்த காளையும் புண் அழுகிச் சாகலாம். விலங்குகள் ஏன் அடக்கி வாசிக்கின்றன என்பதற்கு, இனம் அழியாமல் இருக்கத்தான் என்று ஒரு காலத்தில் காரணம் சொன்னார்கள். 1973இல் மேனார்ட் ஸ்மித், ஜார்ஜ் பிரைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: இனத்தை விடுங்கள், அந்தத் தனி விலங்குக்கே அதுதான் லாபம். எதற்கெடுத்தாலும் முட்டுகிறவன் எதிரே இன்னொரு முட்டுகிறவன் வந்தால் இரண்டு பேரும் நொறுங்குவார்கள்.

ஆகவே நீங்கள் மகளுக்குக் காட்டிய அந்த "பலமில்லாத" காளை என்ன செய்தது? பிழைத்தது. உயிர்பிழைக்கும் உணர்ச்சி அதற்கு வேலை செய்தது, அன்றைக்கு அந்த மேட்டில் மற்றதைவிட ஒரு துளியும் குறையாமல். இளம் காளையாக இருந்தால் சில வருடத்தில் தோள் ஏறும், அப்போது திரும்ப வந்து நிற்கும். கிழட்டுக் காளையாக இருந்தால் தனியாக மேய்ந்துகொண்டு பல வருடம் இருக்கும். முன்னேறுவதும் பின்வாங்குவதும் ஒரே உணர்ச்சியின் இரண்டு கை. நீங்கள் ஒரு கையை வெட்டிப்போட்டுவிட்டு, இன்னொரு கைக்கு இயற்கை என்று பெயர் வைத்துப் பிள்ளையிடம் கொடுக்கிறீர்கள். பிள்ளை வாங்க மாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்று, கோபத்தோடு சொல்கிறேன். காரை ஒட்டியே இறங்கிப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காளை போக வேண்டிய வழியில்தான் நீங்கள் காரை நிறுத்தியிருந்தீர்கள். விலகுகிற காட்டெருமைக்கு வழி அடைத்தால் என்ன ஆகும் என்று இங்கே இலை எடுக்கிற பெண்களைக் கேளுங்கள். இந்த மலையில் குத்துப்பட்டவர்களில் பலர் சண்டைக்குப் போனவர்கள் அல்ல. மூடுபனியில் தெரியாமல் குறுக்கே வந்தவர்கள். குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு அரை மணி நேரமா?

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு கதை இருக்கிறது. 1925இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் குரங்குக் குன்று ஒன்றைத் திறந்தார்கள். கிட்டத்தட்ட நூறு ஹமாட்ரியாஸ் பபூன் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்றையொன்று முன்பின் அறியாதவை, ஏறக்குறைய எல்லாம் ஆண். பிறகு கொஞ்சம் பெண் குரங்குகளையும் சேர்த்தார்கள். அடுத்த சில வருடங்களில் அங்கே நடந்தது கொலைக்களம். பெண் குரங்குகளை இழுத்துப் பறித்ததில் அவற்றில் பெரும்பாலானவை செத்தன. சாலி சக்கர்மேன் என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்து 1932இல் புத்தகமாக எழுதினார். குரங்கு என்றால் இப்படித்தான், அதன் பேரன் மனிதனும் இப்படித்தான் என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் 1960களில் ஹான்ஸ் கும்மர் என்ற ஆய்வாளர் எத்தியோப்பியாவுக்குப் போய் அதே குரங்குகளை அதன் சொந்த இடத்தில் பார்த்தார். அங்கே அந்தப் படுகொலை இல்லை. ஒரு ஆண், அதைச் சுற்றிச் சில பெண்கள் என்று சின்னக் குடும்பங்கள். ஆண் சாது ஒன்றும் இல்லை, தன் கூட்டத்துப் பெண் தள்ளிப்போனால் பிடரியைக் கடித்து இழுத்து வரும். ஆனால் ஒரு பெண் இன்னொரு ஆணோடு இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்ட ஆண், தான் பலசாலியாக இருந்தாலும் பெரும்பாலும் பறிக்கப் போவதில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். குரங்கு அதே குரங்குதான். லண்டனில் விலகிப் போக இடம் இல்லை, அறிமுகம் இல்லை, விட்ட பெண் குரங்குகளும் பத்தாது.

உடனே "காட்டில் எல்லாம் அன்புமயம்" என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம். அந்தக் கட்சியும் எனக்கு ஒத்துவராது. 1960களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் தார்வாட் பக்கம் அனுமன் மந்திகளைப் பார்த்த சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர், கூட்டத்தைப் புதிதாகப் பிடித்த ஆண் முன்னவனின் குட்டிகளைக் கடித்துக் கொன்றதை எழுதியிருக்கிறார். செந்நாய்களோ இரை விழுந்ததும் குட்டிகளை முதலில் தின்ன விடும். நாங்குநேரிக்காரர் ஜான்சிங் 1970களில் பந்திப்பூரில் செந்நாய்கள் பின்னாலேயே அலைந்து ஆராய்ந்தவர், 2024 வரை நம்மோடு இருந்தார். குட்டியைக் கொல்வதும் காடுதான், குட்டிக்கு முதல் வாய் கொடுப்பதும் காடுதான். நமக்கு வேண்டிய சாட்சியை மட்டும் கூட்டிவந்து நிறுத்துகிறோம்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்லட்டுமா? எங்களுடையது 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். அம்மாவும் பெரியம்மாவும் இங்கே ஒரு தோட்டத்தில் இலை எடுத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், யாருக்கு எந்தச் செடி வரிசை என்று நிரை பிரிக்கும்போது நடக்கிற சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாறை இடுக்கு நிரை, சில்வர் ஓக் நிழல் விழுகிற நிரை யாருக்கும் வேண்டாம். பெரியம்மா வாயைத் திறந்தால் கங்காணியே இரண்டடி பின்னால் போவார். அவர்தான் அந்த மலையில் வேகமான கை. இரண்டு கையும் தனித்தனியாக ஓடும். கொழுந்து ஒடிகிற டிக் டிக் சத்தம் நிற்காது. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசுவார், கூடையில் விழுந்ததா என்று திரும்பிப் பார்க்க மாட்டார். கை வராத பெண்களும் இருந்தார்கள். நாலு நாள் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, விழுந்தால் அவர்களே கங்காணியிடம் கேட்டுப் புல் வெட்டுக்கோ நர்சரிக்கோ போய்விடுவார்கள். யாரும் அதைக் கேவலமாக நினைத்ததில்லை.

ஒரு வருடம் புதிதாக வந்த மேலாளர் நிறுவைக் கொட்டகையில் ஒரு கரும்பலகை மாட்டினார். தினமும் எல்லோருடைய கிலோவும், மேலிருந்து கீழாக, பெயரோடு. புல் வெட்டுக்கு மாறிப் போவதையும் நிறுத்தினார். கொஞ்ச நாளில் முத்தல் இலையும் தண்டும் கூடைக்குள் வந்தன. நிறுவைக்குப் போகும் வழியில் ஓடையில் கூடையை நனைத்தார்கள், ஈர இலை எடை கூடும். நிரையில் பேச்சு நின்றுபோனது. பலகையின் அடியில் பெயர் வந்த ஒரு சித்தி மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். அப்புறம் வேலையையே விட்டுவிட்டுக் கேரட் பிடுங்கப் போனார். முதல் இடத்தில் இருந்த பெரியம்மாவுக்கும் ஒரு பைசா கூடவில்லை. கூடுதல் கிலோவுக்குக் கொடுக்கிற காசு பலகைக்கு முன்னாலும் அதேதான். அந்த இலையில் அரைத்த தூளுக்குக் குன்னூர் ஏலத்தில் விலை இறங்கியது. ஒரு நாள் பலகையைக் காணவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. நிரைச் சண்டை மட்டும் பழையபடி நடந்தது.

பெரியம்மாவின் போட்டி பிறவியா வளர்ப்பா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும்: இரண்டும்தான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பலகையை மாட்டியது யார், மாறிப் போகும் வழியை அடைத்தது யார் என்று கேட்டால் ஏதாவது செய்யலாம். 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கு மேல். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் மிச்சம் இருபது லட்சம் சொச்சம் பிள்ளைகள் விலகித்தான் ஆக வேண்டும். விலகிய பிள்ளை அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் என்ன பேசுவது என்று எந்த கோச்சிங் சென்டரும் சொல்லித் தருவதில்லை. உங்கள் மகள் நிறுவைக்கு முன்பே பார்த்துச் சொல்லிவிட்டாள். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, அப்பா நீங்கள். இயற்கை விதி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அவளுக்கு டாக்டர் ஆசை உண்மையிலேயே இருந்து, கோச்சிங் நடத்துகிற விதத்தில்தான் பயம் என்றால் அது வேறு விஷயம், வேறு வழியும் உண்டு. கடிதத்தில் அது இல்லை. அவளிடம் கேட்டீர்களா என்பதும் இல்லை. காட்டெருமையைப் பற்றிப் பதினைந்து வரி எழுதியவர் மகளைப் பற்றி மூன்று வரிதான் எழுதியிருக்கிறீர்கள்.

புத்தகம் இப்போது வேண்டாம். குரூப் மாற்றுவதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தேதி வைத்திருப்பார்கள். நாளைக்கே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.