மகளின் கொப்பியில் இருந்த கோழிப் படம்

அம்மா, சாதாரண தரப் பெறுபேற்றோடு மகளின் கொப்பியையும் கொண்டுவந்து, "படிக்காமல் இதைத்தான் கீறிக்கொண்டிருக்கிறாள்" என்று கவலைப்பட்டீர்கள். கறிக்கு வெட்டிய கோழியின் வயிற்றில் மஞ்சள் கருக்கள் பெரிதும் சிறிதுமாகக் குலையாகக் கிடந்ததைக் கண்டு கீறியிருக்கிறாள். குலையை இடப்பக்கத்தில் மட்டும் போட்டிருக்கிறாள். அதுதான் சரி. கோழிக்கு வழமையாக இடது சூலகமும் இடது முட்டைக்குழாயும்தான் வளர்ந்து வேலை செய்யும். கண்டதைக் கண்டபடி கீறும் பிள்ளை, அம்மா!

பக்கத்தில், "கோது எங்கே வருகுது?" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு இதைச் சொல்லுங்கள். முற்றிய மஞ்சள் கரு சூலகத்திலிருந்து கழன்று, முட்டைக்குழாயின் புனல் போன்ற வாய்க்குள் விழும். சேவலோடு சேர்ந்த கோழியென்றால் கருக்கட்டுவதும் அங்கேதான். பிறகு சுமார் 3 மணித்தியாலம் வெள்ளைக்கரு சுற்றும். அடுத்த ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் வரும். கடைசியாகக் கோது. அதற்கு மட்டும் ஏறத்தாழ 20 மணித்தியாலம்! மொத்தம் 24 முதல் 26 மணித்தியாலம் என்பதால், முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் பிந்தி, இடையில் ஒரு நாள் விடுபடும்.

கோதின் பெரும்பகுதி இரவில்தான் உருவாகும். தீனிச் சுண்ணாம்பு போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். வாவிக்கரை மட்டிக்கோதை இடித்துப் பின்னேரம் வையுங்கள். கச்சான் காற்றடிக்கும் வெக்கையில் கோழி இரைக்கும்போது காபனீரொட்சைட்டு கூடுதலாக வெளியேறும். கோது உருவாக அதுவும் வேண்டும், அதனாலும் கோது மெலியும். மகள் இதை வீட்டுக் கூட்டிலேயே கவனித்து எழுதட்டும்.

சரி, படிப்பு. உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்கே விடுங்கள். டாக்டராகாவிட்டால் எல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள். மிருக வைத்தியப் பட்டம் இலங்கையில் பேராதனையில் மட்டும்தான், அதற்கு உயர்தரப் பரீட்சையில் நல்ல இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி, வேண்டும். அது தவறினால் மட்டக்களப்பு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. விலங்கு விஞ்ஞானம் அங்கேயும் படிக்கலாம், வீட்டிலிருந்தே போய்வரலாம். எங்கே போனாலும் ஆங்கிலம் வேண்டும், அதை இப்போதே தொடங்கட்டும்.

இரத்தமும் நாற்றமும் ஒத்துவருமா என்று பார்க்க, உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, தடுப்பூசி போடும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு இருவரும் வாருங்கள், கொப்பியோடு.