கீமோ வேண்டாம், முள்சீத்தா கஷாயமே போதும் என்கிறார்கள். பெரியம்மாவுக்கு என்ன செய்வது?

தொண்டியில் இருக்கும் உங்கள் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. ஆபரேஷன், கீமோவுக்குப் பதில் பத்தியமும் கஷாயமும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தயவுசெய்து நாளைக் கடத்தாதீர்கள்.

கீமோவுக்குப் பயப்படுவதில் தப்பில்லை. மண்டபத்தில் என் அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். தலையணை முழுக்க முடி. மீன் குழம்பு கொதிக்கிற வாடைக்கே குமட்டல். வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆனால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை சிகிச்சை முடிந்ததும் விலகிவிடும். கட்டி அப்படி விலகாது.

2018-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பரவாத புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 2.5 மடங்கு. மார்பகப் புற்றில் 5 மடங்குக்கும் மேல்.

மூலிகையை நான் குறைத்துப் பேசவில்லை. நம் கடற்கரை மணலில் தானாகப் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அதிலிருந்துதான் வின்கிரிஸ்டின் எடுக்கிறார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் முக்கியமான மருந்து அது. பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். அதே செடியை வீட்டில் கொதிக்கவைத்தால் அளவு தெரியாத விஷம்.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகாது. பெரியம்மாதான் இளைத்துப்போவார். மீன், முட்டை, பருப்பு, எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். ஏற்கெனவே கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும். செலவுதான் தயக்கம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.