டிரஸ்ட் மாறினால் மீதி லீவு என்ன ஆகும்?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு என்.எச்.எஸ். டிரஸ்டில் (அரசு மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பில்) 11 வருடமாக நர்ஸாக முழு நேரம் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு விலகி, மறுநாளே வேறொரு டிரஸ்டில் சேர்கிறேன். எடுக்காத லீவு நிறைய இருக்கிறது. “எல்லாம் ஒரே என்.எச்.எஸ். தானே, லீவு உங்களோடு வந்துவிடும், அதற்குப் பணம் கிடையாது” என்கிறார் வார்டு மேனேஜர். புதிய இடத்து எச்.ஆர். “பழைய லீவு இங்கே வராது” என்கிறார். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் வருடத்துக்கு 27 நாள் என்று போட்டிருக்கிறது. இங்கே எனக்கு 33. டிசம்பரில் ஊருக்குப் போக இரண்டு வார லீவுக்கு அனுமதி வாங்கி டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் மேனேஜர் சொல்வது தவறு. எச்.ஆர். சொல்வது பாதி சரி. மீதமுள்ள லீவு நாட்கள் உங்களோடு வராது. ஆனால் நீங்கள் உழைத்த வருடங்கள் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தையும் லீவையும் இழந்தவர்கள் நம்மவர்களில் ஏராளம்.

என்.எச்.எஸ். என்று ஒரே பெயரில் அழைத்தாலும், சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு டிரஸ்டும் தனி முதலாளி. நீங்கள் விலகும் நாளில் பழைய டிரஸ்டோடு ஒப்பந்தம் முடிகிறது. 1998-ஆம் வருட வேலை நேர ஒழுங்குவிதிகளின்படி, வேலையில் இருக்கும்வரை சட்டப்படியான லீவுக்குப் பதிலாகப் பணம் தரக் கூடாது. வேலை முடியும்போது எடுக்காத லீவுக்குப் பணம் தந்தே ஆக வேண்டும். அடுத்த வேலை எங்கே என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. வார்டோ சேவையோ மொத்தமாக வேறு நிறுவனத்துக்குக் கைமாறினால் கதை வேறு. அப்போது லீவும் ஒப்பந்தத்தோடு சேர்ந்து போகும். உங்களுடையது அப்படியல்ல, நீங்களே விலகுகிறீர்கள்.

கணக்கை மணியில் போடுங்கள். 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவர்கள் நாள் கணக்கில் பேசினால் ஏமாந்துபோவார்கள். 33 நாளோடு 8 பேங்க் ஹாலிடே சேர்த்தால் 41 நாள். ஒரு நாளுக்கு 7.5 மணி வீதம் 307.5 மணி. உங்கள் லீவு வருடம் ஏப்ரலில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், ஆகஸ்ட் முடிய 5 மாதம். அதற்குரிய பங்கு சுமார் 128 மணி. பேங்க் ஹாலிடே உட்பட 60 மணி எடுத்திருந்தால் 68 மணிக்குப் பணம் வர வேண்டும். இதில் சட்டம் கட்டாயமாகக் காப்பது வருடத்துக்கு 28 நாள், அதாவது 5.6 வாரம் வரைதான். அதற்கு மேற்பட்டது ஒப்பந்த உரிமை. ஆகவே டிரஸ்டின் லீவு பாலிசியை ஒரு முறை வாசித்துவிடுங்கள். இரவு, வார இறுதி ஷிப்டுகள் வழக்கமாகப் பார்ப்பவர் என்றால் கடைசி பே-ஸ்லிப்பைக் கூர்ந்து பாருங்கள். லீவு சம்பளத்தில் அந்தக் கூடுதல் தொகையும் சேர வேண்டும் என்பது என்.எச்.எஸ். ஊழியர்களின் சம்பள, பணி நிபந்தனை ஒப்பந்தமான அஜெண்டா ஃபார் சேஞ்ச் விதி. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் கேளுங்கள்.

நோட்டீஸ் காலத்திலேயே லீவை எடுத்து முடிக்கும்படி டிரஸ்ட் சொல்லலாமா? சொல்லலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், லீவு நாட்களைப் போல் இரு மடங்கு முன்னறிவிப்பு தர வேண்டும். 4 நாள் லீவுக்கு 8 நாள். ரோஸ்டரில் ஆள் இல்லை என்று உங்களுக்கு லீவை மறுத்துவிட்டு, கடைசியில் பணமும் இல்லை என்று கைவிரிக்க முடியாது. நீண்ட நாள் உடல்நலமில்லாமல் இருந்து லீவு எடுக்க முடியாமல் போனவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 2012-இல் என்.எச்.எஸ். லீட்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

பணம் வராவிட்டால் முதலில் பே-ரோலுக்கு எழுதுங்கள், யூனியன் பிரதிநிதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஏகாஸ் (Acas) என்ற, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் பொது அமைப்பின் மூலம் சமரசத்தைத் தொடங்க வேண்டும். அதன் பிறகுதான் வேலை வழக்குகளுக்கான தீர்ப்பாயம். பணம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதம் முடிவதற்குள் ஏகாஸை அணுகிவிடுங்கள். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று பே-ரோலில் சொல்லச் சொல்லக் காத்திருந்து நல்ல வழக்கைக் கைநழுவ விடாதீர்கள்.

இனி அந்த 27 நாள். அது முதன்முதலாக என்.எச்.எஸ்.ஸில் சேர்பவருக்கு உரியது. 5 வருடம் முடிந்தால் 29, 10 வருடம் முடிந்தால் 33. முந்தைய என்.எச்.எஸ். சேவை, எந்த டிரஸ்டில் இருந்தாலும், லீவுக்குக் கணக்கில் வரும். இடையில் சில காலம் விட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கும் அப்படியே. வருடத்துக்கு 6 நாள் என்பது சின்ன விஷயமல்ல. பழைய டிரஸ்டிலிருந்து சேவை உறுதிக் கடிதம் வாங்கி அனுப்பி, ஒப்பந்தத்தில் 33 என்று திருத்தச் சொல்லுங்கள். இங்கே வருவதற்கு முன் ஊரில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்திருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சேர்ப்பதும் சேர்க்காததும் டிரஸ்டின் விருப்பம். ஒரு எச்சரிக்கை: லீவுக்கு வருடங்கள் தொடர்ந்தாலும், நியாயமற்ற பணிநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போடுவதற்கான தகுதிக்காலம் புதிய இடத்தில் பொதுவாக முதலிலிருந்துதான் தொடங்கும்.

அவசரமானது டிசம்பர்ப் பயணம். பழைய மேனேஜர் தந்த அனுமதி புதிய டிரஸ்டைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தேதிகளைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை உங்களுக்கு அங்கே சுமார் 179 மணி லீவு சேரும் என்பதால் இரண்டு வாரம் தாராளமாகவே இருக்கிறது. வேண்டியது சம்மதம் மட்டும். போனில் சரி என்றால், “இன்று பேசியபடி டிசம்பரில் இந்தத் தேதிகளுக்கு லீவு உறுதி” என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.