நல்லடக்கம் என்று போடலாமா?

முதலில் என் ஆழ்ந்த அனுதாபங்கள், தம்பி. அப்பாவின் உடலைச் சிங்கப்பூர் மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோகிறீர்கள், அறிவிப்பில் 'நல்லடக்கம்' என்று போடச் சொல்கிறார் பெரியப்பா, சரியா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மண்டாயில் நடப்பது தகனம். நல்லடக்கம் என்றால் மண்ணில் புதைப்பது. அந்தச் சொல்லைப் பார்ப்பவர்கள் சுவா சூ காங் இடுகாட்டிற்குப் போய் நின்றுவிடக்கூடும்.

பெரியப்பாவையும் குறை சொல்ல மாட்டேன். 'புதைத்தல்' காதுக்குக் கரடுமுரடாக இருக்கும். 'நல்' சேர்ந்த அடக்கத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. அதனால்தான் நம் முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களின் அறிவிப்புகளில் அதை அடிக்கடி பார்க்கிறோம். நாளடைவில் சிலர் எல்லா இறுதிச் சடங்குக்கும் அதையே பொதுச்சொல்லாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் தமிழ் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகக் காத்து வந்திருக்கிறது: இடுகாடு வேறு, சுடுகாடு வேறு. மணிமேகலையிலேயே சுடுவோர், இடுவோர், தாழியில் கவிப்போர் (பெரிய மண்பானையில் வைத்து மூடுவோர்) எல்லாரும் தனித்தனியாக வருகிறார்கள்.

இப்படிப் போடுங்கள்: "அன்னாரின் நல்லுடல் மாலை 4 மணிக்கு இல்லத்திலிருந்து புறப்பட்டு, மண்டாய் தகனச்சாலையில் தகனம் செய்யப்படும்." நேரத்தை மட்டும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெரியப்பா விரும்பும் மரியாதை 'நல்லுடல்' என்ற சொல்லிலேயே வந்துவிடுகிறது. அவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்.