ஊர் வரலாறும் ஒரு நீர்ப்பாய்ச்சியும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். எனக்கு வயது 68. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரை கிராமம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சாதாரண மனிதர்களும் தங்கள் வாழ்க்கையையும் ஊரையும் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லி வருவதைப் படித்துவிட்டு, எங்கள் ஊர் வரலாற்றை எழுதத் தொடங்கினேன். நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. எங்கள் முன்னோர் பாண்டிய மன்னரிடம் படைத்தலைவர்களாக இருந்து இங்கே வந்து குடியேறியது, ஊர்ப்பெயர்க் காரணம், கோயில் வரலாறு, ஊரில் வாழ்ந்த பெரியவர்கள் என்று அத்தியாயம் பிரித்திருக்கிறேன். என் அப்பா கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் குடும்பத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை.

என் நடை அலுவலகக் கடிதம் போல இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். இலக்கிய நடைக்கு என்ன பயிற்சி செய்ய வேண்டும்? இதைப் பதிப்பகங்கள் வெளியிடுமா? முக்கியமாக, இதை யார் படிப்பார்கள்?

அன்புடன்,
ரா., சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள ஐயா,

இலக்கிய நடைக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். இந்தக் கடிதத்தை எழுதிய நடையிலேயே எழுதுங்கள். ரசீதும் பேரேடும் எழுதிப் பழகிய கை உங்களுடையது. தேதி, அளவு, தொகை விடாமல் எழுதும் அந்தப் பழக்கம்தான் இந்த வேலைக்கு வேண்டும். அதை விட்டுவிட்டு "ஆதவன் கீழ்வானில் கண்விழித்தான்" என்று தொடங்கிவிடாதீர்கள். பதிப்பகம் பற்றிக் கடைசியில் இரண்டு வரி சொல்கிறேன்.

உங்கள் அப்பாவைப் பற்றிய வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பார்த்தே இராத படைத்தலைவர்களுக்கு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கூடவே இருந்த நீர்ப்பாய்ச்சிக்கு ஒரே வரி. அந்த வரியும் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்பதற்காக எழுதிய வரி. ஐயா, இது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. உங்கள் மேல் மட்டும் அல்ல. ஊர் வரலாறு என்று அச்சாகும் புத்தகங்களில் பெரும்பாலானவை இதே காரியத்தைத்தான் செய்கின்றன. ஒரு மன்னர், ஒரு குடியேற்றம், பெயர்க் காரணமாக ஒரு கதை, கோயிலில் ஒரு அற்புதம், பிறகு பெரிய மனிதர்களின் பட்டியல். உங்கள் நாற்பது பக்கத்தில் ஊர்ப்பெயர் வரும் இடங்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பக்கத்து ஊருக்கும் அப்படியே பொருந்துகிற பக்கங்களை எடுத்து வைத்துவிடுங்கள். படைத்தலைவர் கதைக்குக் கல்வெட்டோ செப்பேடோ இருந்தால் அதை முழுவதும் எடுத்தெழுதுங்கள். இல்லையென்றால் "ஊரில் இப்படிச் சொல்வார்கள், எனக்குச் சொன்னவர் இன்னார்" என்று அரைப் பக்கத்தில் முடியுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்பதால்தான் நீங்கள் எழுத வேண்டும். எந்த வயல் மேடு, எது பள்ளம், எந்த வாய்க்காலில் தண்ணீர் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும், யாருக்குப் பாய்ந்து முடிந்தது, யாருக்குப் பாக்கி – கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலமான ஆயக்கட்டு முழுவதையும் மனதில் வைத்து நடத்தியவர் அவர். பழைய பொதுப்பணித் துறைக் கோப்பில் கண்மாயின் பரப்பும் கரையின் நீளமும் கொள்ளளவும் இருக்கும். தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள் என்பது எந்தக் கோப்பிலும் முழுதாக இருக்காது. அது நீர்ப்பாய்ச்சிகளுக்குத் தெரியும், அவர்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தெரியும். பேரப்பிள்ளைகள் கண்மாயில் சீமைக்கருவேலத்தை மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதினார். அவர் வணிகர், பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எழுதிக்கொண்டே போனார். அந்தக் காலத்துப் புதுச்சேரியை ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அவரிடம்தான் போகிறார்கள்.

ஆகவே மடையிலிருந்து, கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் அந்த வாயிலிருந்து, தொடங்குங்கள். "தந்தையார் கண்மாயில் அரும்பணியாற்றினார்" என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. உங்கள் கண்மாயில் எத்தனை மடை? ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர்? கல் தூண் இரண்டு நட்டு, குறுக்கே பலகைக்கல் வைத்து, அதன் துளை வழியாகக் கம்பு இறங்கும் பழைய மடையா, பிற்பாடு வைத்த இரும்புத் திருகு மடையா? கம்பு என்றால் என்ன மரம், எத்தனை அடி, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள், அதை யார் செய்து கொடுத்தார்? கண்மாய்க்குள்ளேயே கட்டிய குமிழித் தூம்பு என்றால் தண்ணீர் போகும் நீரோடித் துளையும் அடியில் வண்டல் போகும் சேறோடித் துளைகளும் எங்கே இருந்தன? கம்பைத் தூக்க ஓர் ஆள் போதுமா? அடைப்பு சிக்கிக்கொண்டால் உங்கள் அப்பா முழுகிப் போய் எடுத்தாரா? அப்போது மேலே கரையில் யார் நின்றார்கள்?

அடுத்து முறைத்தண்ணீர், அதாவது முறை வைத்துத் தண்ணீரைப் பங்கிடுவது. கண்மாய் பெருகிக் கிடக்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தை, மாசியில் தண்ணீர் இறங்கிப் பயிர் கதிர் வாங்கும் நேரத்தில்தான் முறை வைப்பார்கள். முறையைத் தொடங்கியது தண்ணீர் முதலில் சேரும் தலைமடையிலிருந்தா, கடைசியில் சேரும் கடைமடையிலிருந்தா? ஏக்கருக்கு எத்தனை நாழிகை? கடிகாரம் வருவதற்கு முன்னால் அந்த நேரத்தை எதை வைத்துப் பார்த்தார்கள், நிழலா, நட்சத்திரமா? ராத்திரி முறை யாருக்கு விழுந்தது? மடையை மாற்றித் திறந்துவிட்டார் என்று உங்கள் அப்பாவோடு யாராவது சண்டைக்கு வந்தார்களா? பஞ்சாயத்தில் என்ன தீர்ப்பு? மிகுதித் தண்ணீர் வழியும் கலிங்கில் பலகையோ மண்ணோ அடைத்து மட்டத்தை உயர்த்துவது யார் பொறுப்பு, வழிந்த தண்ணீர் மறுகாலாகப் போய் அடுத்த ஊர்க் கண்மாயில் சேர்வதால் அவர்களோடு என்ன ஏற்பாடு? கரை உடைந்த வருஷம் உண்டா? உடைப்பை எதைப் போட்டு அடைத்தார்கள், வைக்கோலா, பனையோலையா, மண்மூட்டையா? வீட்டுக்கு எத்தனை ஆள் வந்தார்கள், வராத வீட்டுக்கு என்ன தண்டம்?

கூலிக்குத் தனியாக நான்கு பக்கம் ஒதுக்குங்கள். களத்துமேட்டில் நெல்லாகக் கொடுத்தார்களா, கதிர்க்கட்டாகவா? நெல் என்றால் ஏக்கருக்கு எத்தனை மரக்கால்? மரக்கால் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது ஊருக்கு ஊர் மாறும். பழைய மரக்கால் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். 1 லிட்டர் அளவையால் நெல்லை அளந்து அதில் ஊற்றிப் பாருங்கள். தலைதட்டி ஒருமுறை, கோபுரமாகக் குவித்து ஒருமுறை. இரண்டையும் எழுதுங்கள். வாங்கும்போது குவித்து அளந்து, கூலி கொடுக்கும்போது தலைதட்டி அளந்தார்களா என்பதையும் வயதானவர்களிடம் கேளுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு ஒரு வரி போதும் என்று தோன்றியது, களத்தில் அவர் எங்கே நின்று கூலி வாங்கினார் என்பதை நீங்கள் பார்த்திருப்பதாலா? தண்ணீருக்கு அவரைத் தேடி வந்தவர்கள் மற்ற நாட்களில் அவரை எந்த வாசலோடு நிறுத்தினார்கள், எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது நினைவில் இருப்பதாலா? அப்படியென்றால் அதையும் எழுதுங்கள். வெளியிடுவதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். அடித்துத் திருத்தாமல் முதலில் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். "அந்தக் காலத்தில் ஊரே ஒற்றுமையாக இருந்தது" என்ற வரியை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். கடைமடைக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் வேறு விதமாகச் சொல்வார்.

ஆட்களிடம் கேட்பதற்கு முறை உண்டு. "அப்போதெல்லாம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பெருமூச்சைத்தான் விடுவார்கள். மடைக் கம்பு என்ன மரம் என்று கேளுங்கள். அங்கிருந்து பேச்சு தானாக விரியும். ஒரே சம்பவத்தைத் தலைமடையில் நிலம் வைத்திருந்தவர் ஒருவர், கடைமடைக்காரர் ஒருவர், நடவுக்குப் போன பெண் ஒருவர் என்று மூன்று பேரிடமாவது கேளுங்கள். முரண்பட்டால் சமாதானம் செய்து ஒன்றாக்க வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை அவர் பக்கமாக வையுங்கள். இல்லையென்றால் காற்றுச் சத்தம்தான் கேட்கும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். ஒரு வாரத்துக்குள் இறக்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பாதிச் சொற்கள் புரியாது, திரும்பக் கேட்க அவர் இருப்பார் என்பதற்கும் உறுதி இல்லை. அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். உள்வாய் என்று சொன்னால் உள்வாய்தான், அதை "நீர்ப்பிடிப்புப் பகுதி" ஆக்க வேண்டாம்.

கண்மாயைப் பார்க்கச் சித்திரை, வைகாசியில் போங்கள். தண்ணீர் வற்றி மடையின் உட்பக்கமும் தூணின் அடிப்பகுதியும் வெளியே தெரியும் நேரம் அதுதான். தூணில் எழுத்து இருந்தால் காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கு மேலோ, வெயில் சாய்ந்து விழும்போது படம் எடுங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்து தெரிய வேண்டும் என்று பெயின்ட் பூசுவதும் கம்பியால் சுரண்டுவதும் கல்வெட்டையே அழித்துவிடும்.

ஆண்டுகளில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். ஊரில் யாரும் கிறிஸ்து ஆண்டு சொல்வதில்லை. "நயா பைசா வந்த வருஷம்" என்றால் 1957. "தனுஷ்கோடி போன புயல்" 1964 டிசம்பர். "காங்கிரஸ் தோற்ற எலெக்ஷன்" 1967. ஒவ்வொரு சம்பவத்தையும் இப்படி ஒன்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டுக் கட்டுங்கள். வருவாய்க் கணக்கில் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆண்டு. பசலி 1365 என்றால் 1955 ஜூலை 1 முதல் 1956 ஜூன் 30 வரை. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது வருஷம் 1876-லும் உண்டு, 1936-லும் உண்டு. பஞ்சம் என்றால் முதலாவது. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்பி எதையும் கணக்கிடாதீர்கள். பள்ளியில் சேர வயது சரியாக வரட்டும் என்று ஆசிரியர் போட்ட தேதியாகவே பல இருக்கும்.

காகிதங்களுக்கு முதலில் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும்: இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு என்று. இன்றைக்குத் தூர்ந்துபோன வாய்க்காலின் பெயர் அங்கேதான் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் நில அளவு வரைபடங்கள் உள்ள புலப்பட நூலையும் பார்க்கக் கேளுங்கள். உங்களுடையது ஜமீன் கிராமம் என்றால் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் உழவரிடம் அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரிக் கணக்கு தொடங்கும். அதற்கு முந்தையதைத் தாலுகா அலுவலகத்தில் தேடி ஏமாற வேண்டாம். 1985-க்கு முன் நீங்கள் ராமநாதபுரம் மாவட்டம், பழைய அறிக்கைகளை அந்தப் பெயரில் தேடுங்கள். பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவி 1980-ல் போய்விட்டது. அந்தக் குடும்பத்தில் பழைய நோட்டுகள் மிஞ்சியிருக்கலாம், எடைக்குப் போடுவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி குத்தகை நோட்டீஸ், கோயில் வரவு செலவு நோட்டு எதையும் விடாதீர்கள். சங்கத்தில் நீங்களே பார்த்த பயிர்க்கடன் விஷயங்களை எழுதலாம், கடன்பட்டவர்களின் பெயர் வேண்டாம்.

பதிப்பகம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. நூறு பிரதி நீங்களே அச்சடியுங்கள். நூலுக்கு அடையாளமாகத் தரும் ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம். சென்னையில் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்; 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களைப் பெற்றுச் சேமிக்கும் நூலகங்களில் அது ஒன்று. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்று, உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று. யார் படிப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கண்மாயைத் தூர்வார வருகிற பொறியாளர் படிப்பார், தென் மாவட்டப் பாசனத்தை ஆராய வருகிற மாணவர் படிப்பார். அலுவலகக் கடிதம் என்று சொன்ன உங்கள் மகள் முதலில் படிப்பார்.

நாற்பது பக்கத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். மடையையும் முறைத்தண்ணீரையும் கூலியையும் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி அனுப்புங்கள், கையெழுத்தாகவே இருக்கட்டும். கூடவே தலைமடை முதல் கடைமடை வரை வாய்க்கால்களின் பெயரோடு கையால் வரைந்த ஒரு வரைபடம். வடக்கு எந்தப் பக்கம் என்று குறிக்க மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்